அடிக்கு ஒரு பவுன்: ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவின் திரைக்கதையாளர் ஃபவுலர் மியர்

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1927இல் நிறைவேற்றிய சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்ஸ் சட்டத்தில், கட்டாய ஒதுக்கீட்டுக் கணக்கில் எதை ‘பிரிட்டிஷ் படம்’ என்று சேர்க்கலாம் என்று சொல்லும் ஒரு பிரிவு இருந்தது. தயாரிக்கும் நிறுவனம் பிரிட்டிஷாக இருக்கவேண்டும். ஸ்டுடியோ காட்சிகள் பிரிட்டிஷ் பேரரசுக்குள் உள்ள ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டிருக்கவேண்டும். சம்பளம், கூலி என்று கொடுக்கும் தொகையில் 75 சதவீதமாவது பிரிட்டிஷ் குடிமக்களுக்கோ பேரரசில் குடியிருப்பவர்களுக்கோ போகவேண்டும். ஒரு வெளிநாட்டு நடிகர் அல்லது இயக்குநரின் சம்பளத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: திரைக்கதையை எழுதியவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கவேண்டும்.

இயக்குநர் எந்த நாட்டவர் என்று சட்டம் கேட்கவில்லை, நாயகி யாரென்றும் கேட்கவில்லை. எழுத்தாளரின் குடியுரிமையைத்தான் கேட்டது. மலிவுப் படங்களை வரிசையாகத் தயாரித்த ஸ்டுடியோக்களில் மாதச் சம்பளத்துக்கு ஒரு திரைக்கதையாளரை வைத்துக்கொள்வது ஏன் வழக்கமானது என்பதை இந்த வரியிலிருந்துதான் புரிந்துகொள்ளத் தொடங்கவேண்டும். அந்த நாற்காலியில் மற்றவர்களைவிட அதிக வேலையைத் தள்ளியவர்களில் ஒருவர் ஹாரி ஃபவுலர் மியர். டைட்டில்களில் ‘எச். ஃபவுலர் மியர்’ என்று வரும். 1920களின் பிற்பாதியிலிருந்து 1937 வரையில் அவர் பெயரைத் தாங்கிய படங்கள் ஐம்பதுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை லண்டனுக்கு மேற்கே, செயின்ட் மார்கரெட்ஸ் பகுதியிலிருந்த ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் ஜூலியஸ் ஹேகன் என்ற தயாரிப்பாளருக்காக எழுதப்பட்டவை.

திரைப்பட வரலாற்று நூல்களில் மியருக்கு அரை வரி கிடைத்தாலே அதிகம். இயக்குநர்களை வைத்தே வரலாறு எழுதப்பட்டதால் அப்படி ஆகிவிட்டது. ஆனால் ஒரு சட்டம், ஒரு விலை, ஒரு ஸ்டுடியோ ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு திரைக்கதையின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

கணக்கு

முதலில் அடிக்கணக்கு. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். பேசும் படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஆகவே நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிடம் ஓடும். 1927 சட்டப்படி 3,000 அடியும் அதற்கு மேலும் உள்ளது ‘நீளப் படம்’. அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டினால் போதும்.

விநியோகஸ்தர்கள் தாங்கள் வாங்கும் படங்களின் மொத்த நீளத்தில் 7.5 சதவீதத்தைப் பிரிட்டிஷ் படங்களாக வைத்திருக்கவேண்டும். திரையரங்குகள் தாங்கள் காட்டுவதில் 5 சதவீதம். ஆண்டுக்கு ஆண்டு ஏறி 1936இல் இரண்டும் 20 சதவீதத்தைத் தொடும்படி சட்டம் அமைந்திருந்தது. அளவுகோல் நீளம் மட்டுமே. செலவுக்கோ தரத்துக்கோ கீழ்வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை.

ஹாலிவுட் நிறுவனங்களின் லண்டன் கிளைகள் இதைச் சரியாகவே படித்துக்கொண்டன. 20 சதவீத ஆண்டில் 80,000 அடி அமெரிக்கப் படத்தை இறக்கும் நிறுவனத்துக்கு 20,000 அடி பிரிட்டிஷ் படம் தேவை. அதாவது 6,000 அடியில் மூன்று படங்களும் நாலாவதில் கொஞ்சமும். அந்தப் படங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பதிவேட்டில் அடி ஏறினால் சரி. சந்தையில் பரவலாகப் பேசப்பட்ட விலை அடிக்கு ஒரு பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு). 6,000 அடிக்கு 6,000 பவுன். தயாரிப்பாளர் தன் லாபத்தையும் அதற்குள்ளேயே எடுக்கவேண்டும். இப்படி எடுக்கப்பட்டவற்றுக்கு ‘கோட்டா குவிக்கி’, அதாவது ஒதுக்கீட்டுக்காக அவசரமாக எடுத்த படம், என்று பெயர் ஒட்டிக்கொண்டது. காலையில் தியேட்டரைப் பெருக்குபவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் இவற்றை ஓட்டிக் கணக்குக் காட்டினார்கள் என்ற பேச்சும் தொழிலில் நிலைத்துவிட்டது.

விலை முன்கூட்டியே கட்டப்பட்டிருப்பதால், மிச்சம் பிடிக்க ஒரே வழி நாட்களைக் குறைப்பது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒரு படம் என்பது வழக்கம். பன்னிரண்டு வேலைநாள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,000 அடியைப் பன்னிரண்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 500 அடி, அதாவது திரையில் ஐந்தரை நிமிடம். கேமராவை இடம் மாற்றி லைட்டிங் செய்து ஒத்திகை பார்த்து எடுத்து முடிக்க ஒவ்வொரு ஷாட்டுக்கும் அரை மணி நேரம் என்றால், பத்து மணி நேரத்தில் இருபது ஷாட். அப்படியானால் ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக 25 அடி, பதினாறு நொடிக்கு மேல் நிற்கவேண்டும். ஆங்கில உரையாடல் நிமிடத்துக்கு 150 சொல் என்ற வேகத்தில் போனால், அந்தப் பதினாறு நொடியில் நாற்பது சொற்கள் அடங்கும்.

ஸ்டுடியோ எழுத்தாளரின் வேலையை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. ஓர் ஆள் குதிரையில் ஏறி ஓடுவதை எடுக்க ஐந்து ஷாட் வேண்டும். திரையில் அது இருபது நொடிகூட நிற்காது. இரண்டு பேர் கணப்படுப்பின் பக்கத்தில் நின்று கொலையைப் பற்றிப் பேசினால் ஒரே ஷாட்டில் ஒரு நிமிடம் ஓடிவிடும். ஆகவே எடுப்பதற்கு மிக மலிவான அடி என்பது பேச்சு அடி. குவிக்கி படங்களில் எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பேசாத படத்தில் கற்றது

ஆனால் மியர் வந்த வழி பேச்சு வழி இல்லை. தேம்ஸ் கரையில் வால்டனில் இருந்த நெட்டில்ஃபோல்ட் ஸ்டுடியோவில், நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான வால்டர் ஃபோர்டுடன் சேர்ந்து மௌனப் படங்களுக்கு எழுதியவர் அவர். ‘வெயிட் அண்ட் சீ’ (1928), ‘வாட் நெக்ஸ்ட்?’ (1928), ‘வுட் யு பிலீவ் இட்!’ (1929) ஆகியவை அந்தக் கூட்டணியில் வந்தவை. மூன்றாவதில் ஃபோர்டு ஒரு பொம்மைக் கடையில் வேலை செய்பவர், வானொலி அலையால் இயங்கும் பீரங்கி வண்டி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார், ஒற்றர்கள் துரத்துகிறார்கள். சிரிப்பைப் படிப்படியாக அடுக்குவது, ஒரு பொருளை அறிமுகம் செய்து இரண்டு ரீல் கழித்து அதைத் திரும்பப் பயன்படுத்துவது, காட்சியை விட்டு வெளியேறும் நேரத்தைக் கணிப்பது என்று மௌன நகைச்சுவையின் கைவேலை எல்லாம் அதில் உண்டு.

1930இல் ஃபோர்டின் ‘லார்ட் ரிச்சர்ட் இன் தி பான்ட்ரி’ ட்விக்கன்ஹாமில் எடுக்கப்பட்டது. மியரும் அதன் வழியே ஹேகனின் வளையத்துக்குள் வந்தார். ஃபோர்டு பின்னர் கெயின்ஸ்பரோ நிறுவனத்துக்குப் போய்ப் பெரிய பட்ஜெட் படங்கள் செய்தார். மியர் ட்விக்கன்ஹாமிலேயே தங்கினார். அந்தப் பிரிவுக்குப் பின் அவர் எழுத்தில் கண்ணால் சிரிக்கவைக்கும் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன என்பது எங்கள் மதிப்பீடு. ஒரு சிரிப்புக் காட்சியைச் செய்து பார்த்துத் திருத்த நேரம் வேண்டும். இரண்டு வார ஷெட்யூலில் அந்த நேரம் இல்லை. அதனால் நகைச்சுவை என்பது, கதைக்குள் வந்து போகும் வேலைக்காரன் அல்லது உதவியாளன் வாயில் வைக்கப்படும் நாலு வரியாகச் சுருங்கியது.

ஸ்டுடியோ

ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோ 1913இல் ஒரு ஸ்கேட்டிங் அரங்கை மாற்றி அமைக்கப்பட்டது. ஹேகன் 1929இல் அதைத் தன் வசம் எடுத்தார். பக்கத்திலேயே ரயில் பாதை. மௌனப் படக் காலத்தில் அது பிரச்சினை இல்லை. ஒலிப்பதிவு வந்த பிறகு ஒவ்வொரு ரயிலும் ஒரு டேக்கைக் கெடுக்கும் ஆபத்து. நீளமான வசன ஷாட் பாதியில் கெட்டால் மொத்தமும் போயிற்று. வசனத்தை நடுவில் வெட்டிச் சேர்க்கும்படி, யாராவது அறைக்குள் நுழைவதற்கோ தொலைபேசி மணி அடிப்பதற்கோ இடம் விட்டு எழுதப்பட்ட காட்சி அங்கே பாதுகாப்பானது.

ஹேகன் பகல் ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் என்று ஒரே தளத்தில் இரண்டு படங்களை ஓட்டினார். லண்டனின் வெஸ்ட் எண்டு நாடக அரங்குகளில் மாலையில் நடித்துக்கொண்டிருந்தவர்களே படத்திலும் நடித்ததால், பகல் கால்ஷீட்டில் உள்ளவரைச் சாயங்காலம் விட்டாகவேண்டும். எழுத்தாளர் இதையும் தலையில் வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. விலையுயர்ந்த நடிகரின் காட்சிகள் ஒன்றிரண்டு செட்டுக்குள் அடங்கினால் அவரை மூன்று நான்கு நாளில் முடித்து அனுப்பலாம். அந்த நடிகர் எட்டு இடங்களில் தலைகாட்டினால் பன்னிரண்டு நாளும் சம்பளம்.

நிலையான ஆட்கள் இருந்தது பெரிய பலம். கலை இயக்குநர் ஜேம்ஸ் கார்ட்டர், இசைக்கு டபிள்யூ. எல். டிரைட்டெல், எடிட்டிங்கில் ஜாக் ஹாரிஸ், ஒலிப் பிரிவில் பேய்னம் ஹோன்ரி. இயக்குநர்களில் லெஸ்லி ஹிஸ்காட், ஹென்றி எட்வர்ட்ஸ், மோரிஸ் எல்வி, ஜார்ஜ் ஏ. கூப்பர், பெர்னார்ட் வோர்ஹாஸ். கார்ட்டரின் செட் கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எழுதுபவருக்கும், தெரியாமல் வெளியிலிருந்து எழுதுபவருக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வரும். படிக்கட்டு உள்ள கூடம், நூலக அறை, நீதிமன்றக் கூண்டு, மதுக்கடை முகப்பு போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றி மறுபடி பயன்படுத்தும்படி கதை அமைக்க உள்ளிருக்கும் ஆளால்தான் முடியும்.

டைட்டிலைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. மியரின் பெயர் பல படங்களில் சிரில் ட்வைஃபோர்டு, பிராக் வில்லியம்ஸ், மைக்கேல் பாரிங்கர் போன்றவர்களோடு சேர்ந்து வருகிறது. கதைச் சுருக்கம், காட்சிப் பிரிப்பு, வசனம் ஆகியவற்றில் யார் எதை எழுதினார் என்பதை அந்த அட்டை சொல்வதில்லை. ஒரு நல்ல வரிக்காக மியரைப் புகழ்வதும், ஒரு மோசமான வரிக்காகத் திட்டுவதும் இரண்டுமே அவசரம். காட்சிகளை அடுக்கிய விதம் படத்துக்குப் படம் திரும்ப வருவதால், அதை மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு ஸ்டுடியோவின் எழுத்துப் பிரிவுக்கும் அதன் மையத்தில் இருந்த அவருக்கும் கொடுக்கலாம்.

வாங்கிய கதைகள்

சொந்தக் கதையைவிட, ஏற்கெனவே மேடையிலோ நூலிலோ வெற்றி கண்ட கதையை வாங்குவதையே ஹேகன் விரும்பினார். மேடை நாடகத்தில் உரையாடல் தயாராக இருக்கிறது, இடங்கள் குறைவு, ஆட்களின் வருகையும் போக்கும் தீர்மானிக்கப்பட்டவை. இரண்டரை மணி நேர நாடகத்தை எழுபது நிமிடத்துக்கு இறக்குவதுதான் வேலை. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டினால், கதையின் முடிச்சுகள் எல்லாம் இருக்கும், மூச்சு விடும் இடம் ஒன்றுகூட இருக்காது. முழுக் கிளைக்கதை ஒன்றைத் தூக்கிவிட்டு மிச்சத்தை நிறைவாக வைப்பதே சரி. ட்விக்கன்ஹாம் படங்களில் இரண்டு முறையும் கலந்து கிடக்கின்றன.

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஹெர்குல் புவாரோ முதன்முதலாகப் பேசும் படத்தில் தோன்றியது இங்கேதான். ‘அலிபை’ (1931), ‘பிளாக் காஃபி’ (1931), ‘லார்ட் எட்ஜ்வேர் டைஸ்’ (1934) மூன்றிலும் ஆஸ்டின் டிரெவர் புவாரோவாக நடித்தார். மூன்றிலும் மியரின் பங்கு உண்டு. ‘அலிபை’ ரோஜர் அக்ராய்டு கொலைக் கதையிலிருந்து மைக்கேல் மார்ட்டன் எழுதிய நாடகத்தின் படவடிவம். நூலின் உயிரே கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. மேடையில் அந்தக் குரல் போய்விடுகிறது. நாடகத்தை வாங்கியவர் அந்த இழப்பையும் சேர்த்தே வாங்குகிறார். முதலிரண்டு படங்களும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. மூன்றாவதில் டிரெவருக்கு மீசை கிடையாது. புவாரோ என்றதும் மீசையைத் தேடும் வாசகருக்கு அதுவே பெரிய குறையாகத் தெரியும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் வரிசை கவனமாகச் செய்யப்பட்டது. ஆர்தர் வாண்ட்னர் ஹோம்ஸாக நடித்த படங்களில் நான்கு ட்விக்கன்ஹாமில் எடுக்கப்பட்டன. அவற்றில் ‘தி டிரையம்ஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ (1935), ‘சில்வர் பிளேஸ்’ (1937) இரண்டின் திரைக்கதையிலும் மியர் பெயர் உள்ளது. முதலாவது ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவல். அந்த நூல் இரண்டாக உடைந்து நிற்பது: முன்பாதி இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றில் நடக்கும் கொலை, பின்பாதி அமெரிக்க நிலக்கரிப் பள்ளத்தாக்கின் இரகசியக் கும்பல். நூலில் பேராசிரியர் மொரியார்டி திரைக்குப் பின்னால் இருக்கும் பெயர். படத்தில் லின் ஹார்டிங் அவரை நேரில் கொண்டுவருகிறார். இது சரியான முடிவு என்றே சொல்லவேண்டும். பேச்சில் மட்டும் அடிபடும் எதிரியை வைத்து எட்டு ரீலை இழுக்க முடியாது; ஹோம்ஸின் எதிரே நின்று பேச ஓர் ஆள் வேண்டும். அமெரிக்கப் பகுதி நடுவில் பின்கதையாக வரும்போது ஹோம்ஸ் நெடுநேரம் திரையில் இல்லாமல் போகிறார். அந்தத் தொய்வு நூலிலிருந்தே வந்தது.

‘சில்வர் பிளேஸ்’ ஒரு சிறுகதை. பந்தயக் குதிரை காணாமல் போகிறது, பயிற்சியாளர் இறந்துகிடக்கிறார். அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டவேண்டும். எழுதியவர்கள் இன்னொரு ஹோம்ஸ் கதையிலிருந்து பாஸ்கர்வில் குடும்பத்தை உள்ளே இழுத்தார்கள்: வேட்டைநாய் வழக்கு முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஹோம்ஸ் அங்கே விருந்தாளியாகப் போகிறார். மொரியார்டியையும் சேர்த்தார்கள். முன்பு கதை மிஞ்சி வெட்டிய கை, இங்கே கதை போதாமல் ஒட்டுப் போடுகிறது. ஒட்டு தெரிகிறது. குதிரைக் கதைக்குள் இருக்கும் நேர்த்தியான துப்பு, மொரியார்டியின் சதியோடு சேரும்போது எடை குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் பின்னர் இதை ‘மர்டர் அட் தி பாஸ்கர்வில்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். சேர்த்த பகுதியே விற்பனைப் பெயரானது.

‘தி வாண்டரிங் ஜூ’ (1933) வேறு அளவிலான வேலை. கிறிஸ்துவை அவமதித்ததால் சாகாமல் யுகயுகமாக அலையும்படி சபிக்கப்பட்ட யூதரின் கதை. டெம்பிள் தர்ஸ்டன் நாடகத்தை எல்வி இயக்க, கான்ராட் வெய்ட் நடித்தார். பெக்கி ஆஷ்கிராஃப்டின் முதல் படமும் இதுவே. ஜெருசலேம், அந்தியோக்கியா, பலெர்மோ, செவில் என்று நான்கு காலகட்டங்கள். நான்கிலும் ஆடை, செட், துணை நடிகர் எல்லாம் வேறு. கோட்டா கணக்கின் எல்லா விதிகளுக்கும் எதிரானது. கிறிஸ்துவின் உருவத்தைத் திரையில் காட்டக் கூடாது என்ற பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் பழைய விதி வேறு இருந்தது. முதல் பகுதி முழுவதும் அந்த உருவத்தின் பாதிப்பைக் காட்ட வேண்டும், உருவத்தைக் காட்டக் கூடாது. மேடை நாடகத்தின் கட்டுப்பாடு அங்கே கைகொடுத்தது.

காணாத பேய்கள்

‘ஸ்க்ரூஜ்’ (1935) சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை: ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவரைப் பேய்கள் வந்து திருத்துகின்றன. ஸீமர் ஹிக்ஸ் 1901 முதலே அந்தப் பாத்திரத்தை மேடையில் ஆடியவர். ஹென்றி எட்வர்ட்ஸ் இயக்கினார். முழுநீளப் பேசும் படமாக அந்தக் கதை வந்தது அதுவே முதல் முறை.

இந்தப் படத்தில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இறந்துபோன கூட்டாளி மார்லியின் பேய், கதவைத் தட்டும் வளையத்தில் முகமாகத் தெரிகிறது. பிறகு அறைக்குள் வரும்போது குரல் மட்டுமே. ஸ்க்ரூஜ் வெற்று நாற்காலியைப் பார்த்து நடுங்குகிறார். கடந்த காலப் பேய் ஒரு மங்கலான உருவக்கோடு. எதிர்காலப் பேய் சுவரில் விழும் கை நிழல். நிகழ்காலப் பேய் மட்டும் சதையும் ஆடையுமாக முழுதாக வருகிறது.

ஒளி ஊடுருவும் பேயைத் திரையில் கொண்டுவர அன்று இரட்டைப் பதிவு செய்யவேண்டும். கேமரா அசையக் கூடாது, நடிகர் குறித்த கோட்டில் நிற்கவேண்டும், ஆய்வகத்தில் பிசகினால் மறுபடி எடுக்கவேண்டும். குரல் பேய்க்கு ஒரு மைக்ரோஃபோனும் ஒரு காலி நாற்காலியும் போதும். சிக்கனம் தந்த இந்த வழி நடிப்புக்கும் நன்மை செய்தது. முப்பது ஆண்டு மேடைப் பழக்கமுள்ள ஹிக்ஸின் முகத்தில் பேய் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் மார்லி வந்திருந்தால் பார்வையாளர் அவரைப் பார்த்திருப்பார், ஹிக்ஸைப் பார்த்திருக்க மாட்டார்.

வெட்டியதிலும் தைரியம் இருக்கிறது. இளமைக் கால முதலாளி ஃபெஸ்ஸிவிக், தங்கை ஃபேன் இரண்டு பேருமே இல்லை. சேர்த்தது லண்டன் மேயரின் விருந்து: உள்ளே சமையலறையும் மேசைகளும் நிறைந்து வழிய, வெளியே ஏழைகள் எட்டிப் பார்க்கிறார்கள். கதையை நகர்த்தாத இடம் அது. சில ஷாட்களில் ஊரின் பசியைச் சொல்லிவிடுவதால், ஸ்க்ரூஜின் கஞ்சத்தனம் ஒரு தனிமனிதக் குணமாக மட்டும் நின்றுவிடாமல் போகிறது.

ஐந்தாறு புகைப்படங்களில் ஒரு கதை

மியர் பெயர் தாங்கிய சிறிய படங்களில் ‘தி கோஸ்ட் கேமரா’ (1933) தான் சிறந்தது. ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜியனின் கதை. இயக்கிய வோர்ஹாஸ் அமெரிக்கர். எழுதியவர் பிரிட்டிஷ் என்பதால் சட்டக் கணக்கில் சிக்கலில்லை. எடிட்டர் டேவிட் லீன், பிற்காலத்தில் பெரும் இயக்குநரானவர். நடித்தவர்கள் ஹென்றி கெண்டால், ஐடா லுபினோ, ஜான் மில்ஸ்.

விடுமுறையிலிருந்து திரும்பும் ஒரு வேதியியலாளர் தன் காரில் யாருடையதோ ஒரு கேமரா கிடப்பதைக் காண்கிறார். உள்ளே இருப்பதைக் கழுவிப் பார்த்தால் முதல் படத்தில் ஒரு கொலை. அது திருடுபோகிறது. மீதிப் படங்களை வைத்துக்கொண்டு உரிமையாளரைத் தேடிப் போகிறார். ஒரு படம் ஒரு பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவளுடைய தம்பியைக் காணவில்லை.

இந்தக் கட்டுமானம் ஏன் நன்றாக வேலை செய்கிறது? ஒவ்வொரு புகைப்படமும் ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு காட்சி, ஒரு துப்பு, அடுத்த புகைப்படம். எங்கே போகிறோம் என்பதை வசனத்தில் விளக்கத் தேவையில்லை; கையில் இருக்கும் படமே சொல்கிறது. கிராமப்புற வெளிப்புறம் என்பதால் பகல் வெளிச்சத்துக்குக் காசு கொடுக்கவேண்டாம், செட் வேண்டாம். தேடுபவர் கூச்ச சுபாவம் கொண்டவர் என்பதால் காதலும் நகைச்சுவையும் அதே காட்சிகளுக்குள் அடங்குகின்றன. பேச்சு அடியை நம்பாமல் ஒரு மணி நேரத்தை நிரப்பும் வழி கதைக்குள்ளேயே இருந்தது. பிற்பகுதியில் வரும் நீதிமன்றக் காட்சி தாளில் சாதாரணமானது. விசாரணைக் காட்சிகள் குவிக்கிகளின் அன்றாட உணவு. வோர்ஹாஸின் கேமராவும் லீனின் வெட்டும் அதைக் குற்றம்சாட்டப்பட்டவனின் பதற்றமாக மாற்றின. எழுத்து சட்டகத்தைச் சரியாகக் கட்டிக்கொடுத்தால் மற்றவர்களுக்குக் கைவேலை காட்ட இடம் கிடைக்கிறது என்பதற்கு இது சான்று.

அதே வோர்ஹாஸுடன் வந்த ‘தி லாஸ்ட் ஜர்னி’யும் ஃபார்ஜியன் கதைதான். ஓய்வுபெறும் நாளில் ரயில் ஓட்டுநர் பொறாமையால் நிதானம் இழந்து வண்டியை நிறுத்தாமல் ஓட்டுகிறார். பெட்டிகளில் ஆளுக்கொரு கதை. பெட்டி அறை சிறிய செட். திரைச்சீலையை மாற்றினால் அடுத்த பெட்டி. வேகம் வெளியே ஓடும் உண்மையான வண்டியிலிருந்து கிடைக்கிறது. சில பயணிகளின் கதைகள் மெலிந்தவை, ஆனால் எதுவும் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காததால் சலிப்பதில்லை.

சரிவு

1935 வாக்கில் ஹேகன் கோட்டா வியாபாரம் போதும் என்று முடிவெடுத்தார். அலெக்சாண்டர் கோர்டா லண்டனில் எடுத்த எட்டாம் ஹென்றி படம் 1933இல் அமெரிக்காவில் ஓடியதிலிருந்து லண்டன் முழுவதும் பெரும் படங்களுக்குக் கடன் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் சொந்த விநியோக நிறுவனம் தொடங்கினார், வேறு ஸ்டுடியோக்களையும் பிடித்தார், ட்விக்கன்ஹாமில் தீ விபத்து நேர்ந்தபின் அதை விரிவாக்கினார். ‘புரோக்கன் பிளாஸம்ஸ்’ மறுஆக்கத்துக்கு, மௌனப் படமாக அதை முன்பு எடுத்த அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்தையே வரவழைத்தார். கிரிஃபித் விலகிப் போனார். படத்தை ஜான் பிராம் முடித்தார், திரைக்கதை எம்லின் வில்லியம்ஸ்.

தவறு இங்கே நடந்தது. அடிக்கு ஒரு பவுன் வியாபாரத்தில் விற்பனை முன்கூட்டியே உறுதி. எடுப்பவர் ஆபத்தைச் சுமப்பதில்லை. சொந்த விநியோகத்தில் தியேட்டர் வசூலை நம்பவேண்டும். பெரிய திரையரங்குச் சங்கிலிகள் வேறு தயாரிப்பாளர்களோடு பிணைந்திருக்கும்போது தனி விநியோகஸ்தருக்கு நல்ல தேதிகள் கிடைப்பது அரிது. 1937 ஜனவரியில் ட்விக்கன்ஹாம் கடன்காரர்களின் நிர்வாகத்துக்குப் போனது. ஹேகன் 1940இல் இறந்தார்.

மியர் 1937இலும் ‘தி விகார் ஆஃப் பிரே’, ‘சில்வர் பிளேஸ்’, ‘அண்டர்நீத் தி ஆர்ச்சஸ்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய திறமை ஒரு குறிப்பிட்ட தளம், குறிப்பிட்ட கிடங்கு, குறிப்பிட்ட நாள்கணக்கு ஆகியவற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது. பெரிய படம் வந்தபோது தயாரிப்பாளர் பெயர் பெற்ற நாடகாசிரியர்களை வெளியிலிருந்து அழைத்தார். சிறிய படத்தின் சந்தையோ சட்டத்தாலேயே மாறவிருந்தது. மோயின் பிரபு தலைமையிலான அரசுக் குழு 1936இல் குவிக்கிகளைக் கடுமையாகக் குறைகூறித் தரப் பரிசோதனை கேட்டது. 1938 சட்டம் தரத்துக்குப் பதிலாகச் செலவை அளவாக வைத்தது: உழைப்புச் செலவு அடிக்கு ஒரு பவுனாவது, மொத்தம் 7,500 பவுனாவது இருக்கவேண்டும். படத்தின் முழு விலையாக இருந்த தொகை, சம்பளத்துக்கு மட்டுமே கீழ்வரம்பாயிற்று. பேரரசின் மற்ற நாடுகளில் எடுத்த படங்களையும் அது விநியோகஸ்தர் கணக்கிலிருந்து நீக்கியது.

பேரரசுப் படம் என்ற இந்தக் கணக்கை இந்தியாவிலும் கொண்டுவரும் முயற்சி 1920களின் கடைசியில் நடந்தது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இல் விசாரித்த இந்திய சினிமாட்டோகிராஃப் குழு, பேரரசுப் படங்களுக்குத் தனிச் சலுகை தருவதை ஏற்கவில்லை. லண்டனில் அந்தச் சலுகை எப்படிப்பட்ட படங்களை விளைவித்தது என்பதைப் பார்த்தபின் அந்தக் குழுவின் நிதானத்தை மதிக்காமல் இருக்க முடியாது.

பார்க்க விரும்புபவர்களுக்கு

‘தி கோஸ்ட் கேமரா’வில் தொடங்குவது நல்லது. அடுத்து ‘ஸ்க்ரூஜ்’, இதில் கவனம் தேவை. 78 நிமிட முழுப் பிரதியும், அமெரிக்கச் சுற்றுக்காக ஒரு மணி நேர அளவுக்கு வெட்டப்பட்ட பிரதியும் புழக்கத்தில் உள்ளன. வெட்டிய பிரதியில் காட்சித் தாவல்கள் எழுதியவரின் தவறு போலத் தோன்றும். ஐவர் நொவெல்லோ நடித்த ‘தி லாட்ஜர்’ (1932) படத்துக்கும் இதே நிலை. மியர் அதன் எழுத்தாளர்களில் ஒருவர். அமெரிக்காவில் ‘தி ஃபேன்டம் ஃபீண்ட்’ என்ற பெயரில் வந்தது சுருக்கப்பட்டது. ஓடும் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி நிற்கிறது, எத்தனை செட் வருகிறது, விலையுயர்ந்த நடிகர் எத்தனை இடங்களில் தோன்றுகிறார் என்று குறித்துக்கொண்டே பார்த்தால், இரண்டாம் ரீலுக்குள் தயாரிப்பு அட்டவணை கண்முன் விரிந்துவிடும்.